பட்டாணியின் ரத்தம்

பன்றிக்கு வியர்க்காது. இது பலருக்குத் தெரிவதில்லை. வெயில் ஏறினால் உடம்பைக் குளிர்த்திக்கொள்ள அதற்குச் சேறு வேண்டும். எங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் சேற்றுக்குழி இருந்ததற்கு அதுதான் காரணம். நேற்று உங்கள் போலீஸ்காரர்கள் அதைப் பார்த்து மூக்கைப் பொத்திக்கொண்டார்கள். அதனால் இதை முதலில் எழுதுகிறேன்.

பேசச் சொன்னால் எனக்கு வராது. பள்ளிக்கூடத்தில் பெயர் கூப்பிடும்போது ‘உள்ளேன்’ என்று சொல்வதற்கே நாக்கு ஒட்டிக்கொள்ளும். எழுதித் தருகிறேன் என்றதும் பேப்பரும் பேனாவும் கொடுத்துவிட்டு நகர்ந்து உட்கார்ந்துகொண்டீர்கள். நன்றி மேடம். யாராவது என்னையே பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு எழுதவும் வராது.

எனக்கு ஒரே அக்கா. ஒன்பது வயது மூத்தவள். அம்மாவும் அப்பாவும் அடுத்தடுத்துப் போனபிறகு என்னைப் படிக்கவைத்தது அவள்தான். சீருடை தைக்கிற கடையில் அவளுக்கு வேலை. கடைக்காரர் விடுமுறை விட்டாலும் போய்த் தைப்பாள். நான் நுண்ணுயிரியல் படித்தேன். படித்து முடித்ததும் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் சேர்ந்தேன். ஊசி குத்துவதில் எனக்கு நல்ல கை என்பார்கள். கைக்குழந்தைகூட அழாது. யாரிடமும் பேச வேண்டியதில்லை, நரம்பைத் தேடினால் போதும் என்பதால் அந்த வேலை எனக்குப் பிடித்திருந்தது.

முதல் பன்றி வந்தது அக்காவின் வாடிக்கையாளர் ஒருவர் மூலமாக. கையில் அடங்குகிற ஜாதி, ஆயுசுக்கும் இப்படியேதான் இருக்கும் என்று சொல்லி யாரோ அவர் தலையில் கட்டிவிட்டார்கள். அப்படி ஒரு ஜாதியே கிடையாது. குட்டியைக் காட்டி விற்பார்கள், அது வளரும். எட்டு மாதத்தில் அது அவர் வீட்டு சோபாவைக் கிழித்து, கட்டிலுக்கடியில் நுழைந்து, கட்டிலைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்திருக்கிறது. அக்கா போய் அழைத்துவந்தாள். குட்டியாக இருந்தபோது எடுத்த படத்தைப் பார்த்துப் பட்டாணி என்று பெயர் வைத்தாள். பட்டாணி இப்போது தொண்ணூற்றாறு கிலோ.

அதற்குப் பிறகு கேள்விப்பட்டவர்கள் எல்லாரும் எங்கள் வாசலுக்கு வந்தார்கள். வீடு மாறுகிறோம், குழந்தை பிறந்திருக்கிறது, மாடிவீட்டுக்காரர் சண்டை போடுகிறார் என்று ஆளுக்கொரு காரணம். அக்கா யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. எதைக் கொடுத்தாலும் எதிர்ப்புச் சொல்லிக்கொண்டே தின்கிறவனுக்கு வக்கீல் என்று பெயர். எல்லாரையும் மூக்கால் தள்ளி வரிசையில் நிறுத்துகிறவள் பெரியம்மா. ஒரு வேலையும் செய்யாமல் நிழலில் படுத்திருப்பவன் மேனேஜர்.

அக்காவின் வீட்டுக்காரர், எங்கள் மாமா, நல்ல மனுஷன்தான். ஆறாவது பன்றி வந்த அன்று, “பன்னியா நானான்னு முடிவு பண்ணு” என்றாராம். அக்கா, “ரெண்டு நாள் டைம் குடுங்க” என்றாளாம். அவரும் சிரித்திருக்கிறார். அடுத்த மாதம் பெட்டியை எடுத்துக்கொண்டு போனார். அக்கா இதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள். சிரித்து முடித்ததும் கொஞ்ச நேரம் தையல் மெஷினில் நூல் கோப்பாள், நூல் ஏற்கெனவே கோத்திருந்தாலும்.

நான் ஏன் பயந்தேன் என்று நீங்கள் கேட்டீர்கள். நான்கு வருடம் முன்பு நெடுஞ்சாலைக்கு அந்தப்பக்கம் ஒரு பண்ணையில், பன்றிகளுக்கு மட்டும் வருகிற பன்றிக் காய்ச்சல் வந்தது. குறிப்பிட்ட தூரத்துக்குள் இருந்த எல்லாப் பன்றிகளையும் ஒரே நாளில் கொன்றார்கள். நோய் இருந்ததா இல்லையா என்று ஒவ்வொன்றாகப் பார்க்கவில்லை. எங்கள் வீடு அந்த எல்லையிலிருந்து இரண்டு தெரு தள்ளி இருந்தது. காற்று எங்கள் பக்கம் அடித்ததால் சத்தம் கேட்டது. அக்கா எல்லா ஜன்னலையும் சாத்தி ரேடியோவைச் சத்தமாக வைத்தாள். புதைகுழியில் கொட்டச் சுண்ணாம்பு மூட்டை ஏற்றிய லாரிகள் வரிசையாகப் போயின. அன்றிலிருந்து வாசலில் தெரியாத வண்டி ஏதாவது நின்றால் நாங்கள் இருவரும் சாப்பிடுவதை நிறுத்திவிடுவோம். வாயில் இருப்பதை விழுங்கக்கூட மாட்டோம். வண்டி போனபிறகு தட்டைப் பார்த்துக்கொண்டே தொடருவோம். இதைப்பற்றி நாங்கள் ஒருநாளும் பேசிக்கொண்டதில்லை.

அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வீட்டில் பன்றி வளர்ப்பவர்கள் வருடாவருடம் ஒவ்வொரு பன்றிக்கும் தொற்றுநோய்களுக்கான ரத்தப் பரிசோதனை செய்து சான்று வாங்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. கால்நடை டாக்டர் வந்தார். வயதானவர், முழங்கால் வலிக்காரர். நான் பரிசோதனை நிலையத்தில் வேலை செய்கிறேன் என்று தெரிந்ததும் சிவப்பு மூடிக் குழாய்களை என்னிடமே கொடுத்து, எடுத்து வைம்மா, சனிக்கிழமை வாங்கிக்கிறேன் என்றார். அவர் செய்தது தவறு என்று எழுத எனக்கு மனமில்லை. என்னை நம்பினார்.

பன்றிக்கு ரத்தம் எடுப்பது மனிதருக்கு எடுப்பதுபோல இல்லை. தோலுக்கடியில் கொழுப்பு, நரம்பு தெரியாது. மேல்தாடையில் கயிற்றுச் சுருக்குப் போட்டு ஒருவர் இழுத்துப் பிடிக்க வேண்டும். சுருக்கு விழுந்ததும் அது கத்தும். வலியால் அல்ல, பயத்தால். வக்கீலைப் பிடித்து முதலில் முயன்றோம். அந்தக் கத்தல் காதுக்குள் போய் வலியாகவே இறங்கியது. அக்கா கயிற்றைக் கீழே போட்டுவிட்டுக் குளியலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அவளுக்கு அந்த ரேடியோ நாள் நினைவு வந்திருக்கும்.

பட்டாணி மட்டும் வேறு. வயிற்றைச் சொறிந்தால் மல்லாந்து படுத்துவிடும். காது நரம்பில் ஊசி போனது அதற்குத் தெரியவே தெரியாது. அதனால் எல்லாக் குழாய்களிலும் பட்டாணியின் ரத்தத்தையே நிரப்பினேன். அப்போது எட்டுப் பன்றி, எட்டுக் குழாய். வக்கீல், பெரியம்மா, மேனேஜர் என்று வரிசையாகச் சீட்டு ஒட்டினேன். எல்லாம் நன்றாகத் தின்றுகொண்டு, நன்றாகக் குறட்டை விட்டுக்கொண்டு இருந்தன. கத்தவிட்டுத்தான் எடுக்க வேண்டுமா என்று நினைத்தேன். அக்காவுக்கு இது தெரியாது. எப்படிடி ஒண்ணுகூடக் கத்தல என்று ஆச்சரியப்பட்டாள். உன் கை சுத்தமான கைம்மா என்று டாக்டர் சொன்னார். அடுத்த வருடம் பத்துக் குழாய். அதுவும் பட்டாணிதான்.

இந்த வருடம் பதினொன்று.

பதினொன்றாவது ஒரு பெண்பன்றி. மூடிவிட்ட ஒரு பண்ணையிலிருந்து வந்தது, சினையாக இருந்தது. தலையைக் குனிந்தே நின்றதால் அக்கா அதைப் புதுப்பொண்ணு என்றாள். புதிதாக வருவதை ஒரு மாதமாவது தனியாக அடைத்து வைக்க வேண்டும் என்பது எங்கள் வீட்டு விதி. அந்த விதியை எழுதி ஒட்டியது நான்தான். ஒன்பதாவது நாள் அக்கா அதைத் திறந்துவிட்டாள். தனியா இருந்தா அது சாப்பிட மாட்டேங்குது என்றாள். நான் தடுக்கவில்லை. அக்காவும் தனியாக இருந்தால் சாப்பிட மாட்டாள்.

மூன்று வாரம் கழித்துப் புதுப்பொண்ணு ஆறு குட்டிகள் போட்டது. ஆறும் செத்துப் பிறந்தவை. அக்கா வெறும் கையால் எடுத்துத் துடைத்து, ஒவ்வொன்றையும் காதருகே வைத்துப் பார்த்துவிட்டுப் புதைத்தாள்.

குட்டிகள் இப்படி விழுவதற்குக் காரணம் பல உண்டு. அதில் ஒன்று எனக்குத் தெரியும். மறுநாள் காலை புதுப்பொண்ணின் சிறுநீரை ஒரு கோப்பையில் பிடித்து வேலைக்கு எடுத்துப்போனேன். எங்கள் நிலையத்தில் ஒரு பழைய மைக்ராஸ்கோப் உண்டு. கறுப்புப் பின்னணியில் பார்க்கலாம். சாப்பாட்டு இடைவேளையில் எல்லாரும் வெளியே போனபிறகு பார்த்தேன். கறுப்பில் மெல்லிய வெள்ளி நூல்கள். நுனியில் கொக்கி. ஒவ்வொன்றும் தன்னைத்தானே முறுக்கிக்கொண்டு நகர்ந்தது. அழகாகத்தான் இருந்தது. படிக்கிற காலத்தில் இதைப் படத்தில் மட்டும் பார்த்திருக்கிறேன். எலிக்காய்ச்சல் என்று மக்கள் சொல்கிற நோய். எலிக்கு மட்டும் உரியது அல்ல. பன்றி அந்தக் கிருமியைச் சிறுநீரில் வெளியே விடும், சேற்றுத் தண்ணீரில் உயிரோடு இருக்கும், காலில் வெடிப்பு இருந்தால் உள்ளே போகும்.

அக்காவின் குதிகாலில் வெடிப்பு இல்லாத நாளே கிடையாது.

அந்த வாரம்தான் டாக்டர் குழாய்களைக் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். புதுப்பொண்ணின் ரத்தத்தை அதன் குழாயில் எடுத்திருந்தால் விஷயம் அங்கேயே தெரிந்திருக்கும். நான் யோசித்தேன். வாசலில் வண்டி நிற்கும், சுண்ணாம்பு வரும். போன வருடக் குழாய்களையும் அதற்கு முந்தின வருடத்தையும் தோண்டுவார்கள். பட்டாணியின் வயிற்றைச் சொறிந்தேன். அது மல்லாந்து படுத்தது. பதினொரு குழாய்.

அக்காவைக் காப்பாற்ற நான் ஒன்றும் செய்யவில்லை என்று நினைக்காதீர்கள். அன்று மாலையே அவளுக்கு முழங்கால்வரை வரும் ரப்பர் பூட்ஸ் வாங்கிவந்தேன். இரண்டு நாள் போட்டாள். கால் வேகுதுடி, இதைப் போட்டா மேனேஜர் என்னை அடையாளம் தெரியாம முறைக்கிறான் என்று கழற்றி வைத்துவிட்டாள். நான் வற்புறுத்தவில்லை. வற்புறுத்தினால் ஏன் என்று கேட்டிருப்பாள். நான் மட்டும் அந்த நாளிலிருந்து பூட்ஸும் கையுறையும் இல்லாமல் பின்பக்கம் இறங்கியதில்லை.

பன்னிரண்டாவது நாள் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. கெண்டைக்காலைத் தொட்டால் கத்தினாள். கண் சிவந்திருந்தது. தெருமுனை டாக்டர் வைரஸ் காய்ச்சல் என்று மாத்திரை கொடுத்தார். எனக்கு அது எந்த நோய் என்று தெரியும். வேறாகவும் இருக்கலாம் என்று இரண்டு நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். மூன்றாம் நாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பும்போது, உள்ளே போய்ப் பன்றி என்று வாயைத் திறக்காதே, விசாரிக்க ஆள் வந்தால் பதினொன்றையும் கொன்றுவிடுவார்கள் என்று அக்காவிடம் சொன்னேன். “நான் எதுக்குடி சொல்லப்போறேன், என் புள்ளைங்களாச்சே” என்றாள். ஆகவே அது இருவரும் சேர்ந்து எடுத்த முடிவு. இதைக் குறித்துக்கொள்ளுங்கள். மைக்ராஸ்கோப்பில் பார்த்ததை மட்டும் அவளிடம் சொல்லவில்லை. காய்ச்சல்காரியைப் பயமுறுத்த வேண்டாம் என்று நினைத்தேன்.

ஆஸ்பத்திரியில் டூட்டி டாக்டர் சின்னப் பெண், என் வயதுதான் இருக்கும். முறையாகத்தான் கேட்டாள். என்ன வேலை செய்கிறார், வெளியூர் போனாரா, அழுக்குத் தண்ணீரில் நடந்தாரா, வீட்டில் ஆடு மாடு நாய் ஏதாவது உண்டா. அக்கா குளிர்நடுக்கத்தில் போர்வைக்குள் இருந்தாள். அதனால் டாக்டர் என்னைத்தான் கேட்டாள். என்னிடம் நேராகக் கேள்வி கேட்டால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும் என்று சொன்னேன் அல்லவா. அன்று ஒட்டவில்லை. “தையல் வேலை. வீட்ல எதுவும் கிடையாது” என்றேன்.

அந்தப் பெண் பேனாவை வைத்துக்கொண்டு இன்னும் யோசித்தாள். ஒரு ‘இல்லை’ போதாது என்று எனக்குப் புரிந்தது. அவளுக்கு ஒரு காரணம் வேண்டியிருந்தது. காய்ச்சல் மாத்திரை நிறையப் போட்டார்களா என்று கேட்டாள். அக்கா போட்டது ஒரு நாளைக்கு மூன்று. பத்துப் பன்னிரண்டு இருக்கும், நான் சொல்லச் சொல்லக் கேட்காமல் போட்டாள் என்றேன். மாத்திரை அதிகமாகிக் கல்லீரல் கெட்டிருக்கிறது என்று எழுதினாள். அதற்கான வைத்தியம் ஆரம்பமானது. நல்ல வைத்தியம்தான். அந்த நோய்க்கு.

முடிவுகளை என்னிடம் காட்டுவார்கள். நானும் அந்தத் துறை என்று நர்சுகளுக்குத் தெரியும். முதல் நாள் கிரியாட்டினின் ஒன்று புள்ளி ஒன்பது, மறுநாள் மூன்று புள்ளி நான்கு. மற்றவர்களுக்கு அது எண். சிறுநீரகம் எந்த வேகத்தில் மூடிக்கொண்டு வருகிறது என்பது எனக்குத் தாளிலேயே தெரிந்தது.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். அக்கா இறந்தபிறகு கால்நடை டாக்டர் வந்து, இந்த நோய்க்கு யாரும் பன்றியைக் கொல்வதில்லை, ஊசி போட்டால் சரியாகிவிடும் என்றார். அந்தக் காய்ச்சல் வேறு, இது வேறு, என்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமேம்மா என்றார். நான் அதிர்ச்சியடைந்ததுபோல நின்றேன். நீங்கள் நேற்று அதை எனக்குச் சாதகமாக எழுதினீர்கள், தெரியாமல் செய்துவிட்டாள் என்று. அது சரியல்ல. ஆஸ்பத்திரியில் இரண்டாம் நாள் காலை, வராந்தா நாற்காலியில் உட்கார்ந்து செல்போனில் அதைப் படித்தேன். கொல்ல வேண்டியதில்லை என்று இரண்டு இடத்தில் போட்டிருந்தது. அக்காவுக்கு வேண்டிய மருந்தும் அதே பக்கத்தில் இருந்தது, மிகச் சாதாரணமான மருந்து, கீழே மருந்துக்கடையில் கிடைப்பது. நாற்காலியிலிருந்து டாக்டர் அறை பதினைந்து அடி.

எழுந்தேன். கதவுவரை போனேன். உள்ளே பெரிய டாக்டரும் நான்கைந்து பேரும் நின்றிருந்தார்கள். நான் சொன்னால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள். நேற்று ஏன் இல்லை என்றாய் என்பார்கள். மாத்திரைக் கணக்கு எங்கிருந்து வந்தது என்பார்கள். படித்த பெண், ரத்தப் பரிசோதனை செய்கிறவள் என்பார்கள். பிறகு குழாய்களுக்கு வருவார்கள். திரும்பி வந்து உட்கார்ந்துகொண்டேன். பெரிய டாக்டர் கெட்டிக்காரர், அவரே கண்டுபிடித்துவிடுவார் என்று தோன்றியது. அவரும் கண்டுபிடித்தார். ஐந்தாம் நாள் சந்தேகப்பட்டு ரத்தம் அனுப்பினார். முடிவு ஏழாம் நாள் வந்தது. அக்கா ஆறாம் நாள் போய்விட்டாள்.

முடிவு வந்ததும் சுகாதாரத் துறை ஆட்கள் வீட்டுக்கு வந்தார்கள். தையல்காரி வீட்டில் எலி இருக்கிறதா என்று பார்க்க வந்தவர்கள் பதினொரு பன்றிகளைப் பார்த்தார்கள். கால்நடை டாக்டரைக் கூப்பிட்டார்கள். அவர் இந்தமுறை முழங்கால் வலியோடு குழிக்குள் இறங்கி ஒவ்வொன்றிடமும் தானே ரத்தம் எடுத்தார். எல்லாம் கத்தின. நான்கில் நோய் இருந்தது. போன மாதம் பதினொன்றிலும் இல்லையே என்று என்னைக் கேட்டார். அவர் கண்ணைப் பார்க்காமல் குழாய் விஷயத்தைச் சொன்னேன். அவர் என்னைத் திட்டவில்லை. குழாய்ப் பெட்டியை மூடிவிட்டு உங்களுக்குப் போன் செய்தார். நியாயம்தான்.

பன்றிகளுக்கு ஊசி நடந்துகொண்டிருக்கிறது. மாமா வந்து பார்த்துக்கொள்கிறார். பெரியம்மாவுக்குப் பூசணியை வேகவைத்துத்தான் கொடுக்க வேண்டும், பச்சையாகக் கொடுத்தால் ஒதுக்கிவிடும் என்று அவரிடம் யாராவது சொன்னால் நல்லது.

நான்காம் நாளைப் பற்றிக் கேட்டீர்கள். பக்கத்துக் கட்டில்காரம்மா ஏதோ சொன்னதாகவும் நான் மறைப்பதாகவும் சொன்னீர்கள். மறைக்கவில்லை. வரிசையாக எழுதிவந்ததில் விட்டுப்போயிற்று.

அன்று மதியம் அக்காவுக்கு நினைவு தெளிவாக இருந்தது. உடம்பு மஞ்சளாகியிருந்தது. கண்ணின் வெள்ளையும் மஞ்சள். என்னைப் பக்கத்தில் கூப்பிட்டாள். “புதுப்பொண்ணோட குட்டிங்கள நான் கையால எடுத்தேன்ல, அதுலேர்ந்து வந்திருக்குமோடி” என்றாள். நான் போர்வையை இழுத்துவிட்டேன். “டாக்டர்கிட்ட பன்னி வளர்க்கறோம்னு சொல்லிடு. கொல்றதா இருந்தா கொல்லட்டும். எனக்குப் பயமா இருக்குடி” என்றாள். அவள் பயமாக இருக்கிறது என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. அந்த ரேடியோ நாளில்கூட அவள் சொல்லவில்லை. எனக்கு அவளைப் பார்க்கவே முடியவில்லை.

“காலைலயே சொல்லிட்டேன்க்கா” என்றேன். கம்பியில் தொங்கிய பாட்டிலைக் காட்டினேன். “அதுக்கான மருந்துதான் ஏறுது.”

அது வெறும் உப்புத்தண்ணீர்.

அக்கா பாட்டிலைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். சொட்டுகளை எண்ணியதுபோல இருந்தது. பிறகு என் கையைத் தட்டிக்கொடுத்தாள். “நல்லவேளை, நீ இருந்த” என்றாள்.

சிறிது நேரத்தில் டூட்டி டாக்டர் வந்தாள். எப்படி இருக்கீங்க, ஏதாவது சொல்லணுமா என்று அக்காவிடமே குனிந்து கேட்டாள். அக்கா என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டு, எல்லாம் என் தங்கச்சி சொல்லியிருப்பாளே என்றாள். அவ்வளவுதான் அவர்கள் பேசியது. பக்கத்துக் கட்டில்காரம்மா கேட்டது இதைத்தான்.

அதற்குப் பிறகு அக்கா பயப்படவே இல்லை மேடம். மருந்து ஏறுகிறது என்ற நிம்மதியில் நன்றாகத் தூங்கினாள். அந்த ஒரு உதவியையாவது என்னால் அவளுக்குச் செய்ய முடிந்தது.